உங்க மெயில் ஐடி உங்க கையில இருக்கா?

மெயில் ஐடி இருக்கான்னு கேட்டா எல்லாரும் இருக்குன்னுதான் சொல்வாங்க. பாஸ்வேர்டு என்னன்னு கேட்டாதான் முழிப்பாங்க. "அது போன்ல தானா ஓப்பன் ஆயிடுமே", "மொபைல் கடைத் தம்பி போட்டுக் குடுத்தது", "பையனுக்குத்தான் தெரியும், அவன் பெங்களூர்ல இருக்கான்". எங்க ஊர்லயும் சொந்தக்காரங்ககிட்டயும் நான் கேட்ட பதில் பெரும்பாலும் இந்த மூணுல ஒண்ணாத்தான் இருக்கும். இன்டர்நெட் டிப்ஸ்னு எழுதுறவங்க ஆன்டிவைரஸ் போடுங்க, பாஸ்வேர்டை அடிக்கடி மாத்துங்கன்னு ஆரம்பிப்பாங்க. எனக்கு அதுக்கெல்லாம் முன்னாடி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லணும்: உங்க மெயிலும் உங்க மொபைல் நம்பரும் உங்க பேர்ல, உங்க கன்ட்ரோல்ல இருக்கணும். இது ரெண்டும் சரியா இருந்தா மத்த எது போனாலும் திருப்பி எடுத்துடலாம். இது ரெண்டுல ஒண்ணு அடுத்தவங்க கையில இருந்தா, நீங்க எவ்வளவு கஷ்டமான பாஸ்வேர்டு வச்சாலும் பிரயோஜனம் இல்ல.

ஏன்னா எந்த சைட்டை எடுத்தாலும் 'ஃபர்கெட் பாஸ்வேர்டு'ன்னு ஒரு லிங்க் இருக்கும், அதை அமுக்கினா ஒண்ணு மெயிலுக்கு லிங்க் போகும், இல்லன்னா நம்பருக்கு ஓடிபி போகும். ரயில் டிக்கெட், பிஎஃப், இன்கம்டாக்ஸ், டிஎன்பிஎஸ்சி, டிஜிலாக்கர், பேங்க் எல்லாத்துக்கும் இதே கதைதான். அதாவது உங்க நூத்தெட்டு அக்கவுண்ட்டுக்கும் கடைசிச் சாவி இந்த ரெண்டுதான். அந்தச் சாவியைத் தெருமுனைக் கடையில குடுத்து வச்சிட்டு வீட்டுக் கதவுக்கு மட்டும் பெரிய பூட்டா வாங்கிப் போடுற மாதிரிதான் நம்மள்ல நிறைய பேர் இருக்கோம்.

எங்க தெருவுல ஒரு அக்கா இருக்காங்க, வீட்லயே டெய்லரிங் பண்றாங்க. பொண்ணு பிளஸ் டூ முடிச்சப்ப இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு ரெஜிஸ்டர் பண்ண ப்ரௌசிங் சென்டருக்குப் போயிருக்காங்க. அப்ளிகேஷன்ல மெயில் ஐடி கேட்டிருக்கு, இல்லன்னு சொன்னதும் அங்க இருந்த தம்பி அங்கயே ஒண்ணு ஓப்பன் பண்ணி, பொண்ணு பேரு, அட், 123ன்னு பாஸ்வேர்டு போட்டு, ஒரு பில் பேப்பர் பின்னாடி எழுதிக் குடுத்திருக்கார். கூட்டம், பின்னாடி பத்து பேர் நிக்கிறாங்க, பாஸ்வேர்டு மறந்தா கோட் அனுப்புறதுக்கான ரெக்கவரி நம்பர் கேட்டதுக்கு அவர் தன்னோட நம்பரையே போட்டு வேலையை முடிச்சிட்டார். கெட்ட எண்ணம் எல்லாம் இல்ல, ஓடிபி அவர் போனுக்கே வந்தா வேலை சீக்கிரம் முடியும், அவ்வளவுதான். சாய்ஸ் ஃபில்லிங் நேரத்துல பில் பேப்பரைக் காணோம். கவுன்சிலிங் சைட்ல ரீசெட் குடுத்தா லிங்க் மெயிலுக்குப் போகுது, மெயிலைத் திறக்கப் போனா 47ல முடியுற ஏதோ ஒரு நம்பருக்கு கோட் அனுப்பிட்டேன்னு சொல்லுது, அந்த நம்பர் யாரோடதுன்னே வீட்ல யாருக்கும் தெரியல. சென்டருக்குப் போய்க் கேட்டா அந்தத் தம்பி வேலையை விட்டுட்டுத் திருப்பூர் போயாச்சாம். எப்படியோ யார் யார்கிட்டயோ கேட்டு நம்பர் பிடிச்சு, நான் அக்கா வீட்டு வாசல்ல உக்காந்து அவருக்கு போன் பண்ணி, "தம்பி இப்ப ஒரு கோட் வரும், கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா"ன்னு கேட்டு, அவர் சொல்லச் சொல்ல அந்தப் பொண்ணு டைப் பண்ணுச்சு. கை நடுங்குச்சு அந்தப் பிள்ளைக்கு. அந்தத் தம்பி நல்ல மனுஷன், நம்பரையும் மாத்தாம வச்சிருந்தார், அதனால பொண்ணு காலேஜ் சேர்ந்துச்சு. அவர் நம்பரை மாத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இப்ப நினைச்சாலும் எனக்கு வயித்தைக் கலக்குது.

இந்த மாதிரி மெயில் தமிழ்நாட்ல எத்தனை இருக்கும்னு யோசிங்க. டிஎன்பிஎஸ்சி நிரந்தரப் பதிவுக்கு 150 ரூபாய் கட்டினா அஞ்சு வருஷத்துக்கு அது ஓடும், அந்த அஞ்சு வருஷமும் அந்த மெயிலும் நம்பரும் உங்ககிட்ட இருந்தாகணும். ஆடிட்டர்கிட்ட வரி ஃபைல் பண்ணக் குடுத்தா சில பேர் அவங்க ஆபீஸ் மெயிலையும் நம்பரையுமே போட்டுடுவாங்க, நோட்டீஸ் வந்தாகூட நமக்குத் தெரியாது. அதனால இதைப் படிக்கிறப்பவே போனைக் கையில எடுத்துக்கோங்க, படிச்சிட்டு அப்புறம் பார்க்கலாம்னு விட்டா விட்டதுதான்.

ஆண்ட்ராய்டு போன்ல செட்டிங்ஸ் போய்க் கொஞ்சம் கீழ தள்ளினா கூகுள்னு இருக்கும். அதைத் தொட்டா உங்க மெயில் ஐடி வரும், பக்கத்துலயே உங்க கூகுள் அக்கவுண்ட்டை மேனேஜ் பண்ற பட்டன் இருக்கும். அதுக்குள்ள செக்யூரிட்டின்னு ஒரு பகுதி, போனைத் தமிழ்ல வச்சிருந்தா 'பாதுகாப்பு'. அங்கதான் ரெக்கவரி போன், ரெக்கவரி ஈமெயில் ரெண்டும் இருக்கு. அந்த இடத்துல என்ன நம்பர் இருக்குன்னு பாருங்க. உங்களோட பழைய நம்பரா, கடைக்காரர் நம்பரா, கல்யாணத்துக்கு முன்னாடி வச்சிருந்த நம்பரா? இப்ப கையில இருக்கிற நம்பரைப் போடுங்க. ரெக்கவரி ஈமெயில்ல வீட்ல நம்பிக்கையான ஒருத்தரோட மெயிலைப் போடுங்க, ஆனா அவங்க மெயிலும் அவங்க கையில இருக்கான்னு கேட்டுட்டுப் போடுங்க. அதுக்கப்புறம் பாஸ்வேர்டை மாத்துங்க. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, ரெக்கவரி நம்பரை மாத்தின பிறகும் ஒரு வாரம் வரைக்கும் பழைய நம்பருக்கு கோட் அனுப்புற வழியை கூகுள் விட்டு வைக்கும், யாராவது திருட்டுத்தனமா மாத்தினா உண்மையான ஓனர் திருப்பி எடுக்கட்டும்னு அப்படி வச்சிருக்காங்க. அதனால மாத்தின ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை உள்ள போய் எல்லாம் நீங்க வச்ச மாதிரியே இருக்கான்னு பார்த்துடுங்க.

பழைய பாஸ்வேர்டே தெரியலையா, பயப்படாதீங்க, போன்ல லாகின் ஆகியே இருந்தா அதுதான் உங்க பெரிய பலம். அந்தப் போன்ல இருந்தே, வழக்கமா யூஸ் பண்ற வைஃபைல, வழக்கமா இருக்கிற இடத்துல இருந்து 'ஃபர்கெட் பாஸ்வேர்டு' குடுங்க, பல சமயம் போனோட ஸ்கிரீன் லாக்கைப் போடச் சொல்லிட்டே விட்டுடும். தெரிஞ்ச போன், தெரிஞ்ச இடம்னா திரும்பக் கிடைக்க வாய்ப்பு அதிகம்னு கூகுளே சொல்லுது. இதைப் பண்ணாம, போன் ஸ்லோவா இருக்குன்னு யாரோ சொன்னாங்கன்னு ரீசெட் மட்டும் போட்டுடாதீங்க. ரெக்கவரி மோடுக்குப் போய் ரீசெட் பண்ணினா, பழைய கூகுள் அக்கவுண்ட்டையோ பழைய ஸ்கிரீன் லாக்கையோ கேட்டு ஆண்ட்ராய்டு போன் அப்படியே நின்னுடும், திருட்டுப் போனை வேற யாரும் யூஸ் பண்ணக் கூடாதுன்னு 2015ல இருந்தே இந்தப் பூட்டு இருக்கு. செட்டிங்ஸ் வழியா முறையாப் பண்ணினா போன் கிடைச்சிடும், ஆனா மெயில் போயிடும், லாகின் ஆகியிருந்த ஒரே இடமும் அழிஞ்சிருக்கும். மெயில் பாஸ்வேர்டு தெரியுதான்னு பார்க்காம ரீசெட் பண்ணவே கூடாது.

அப்புறம், கூகுள் கஸ்டமர் கேர் நம்பர்னு சர்ச் பண்ணி வர்ற எந்த நம்பருக்கும் கூப்பிடாதீங்க. சாதாரண ஜிமெயில் பாஸ்வேர்டை மீட்டுத் தர போன்ல பேசுற ஆளுங்கள கூகுள் வைக்கவே இல்ல. அந்தப் பேர்ல போனை எடுக்கிறவன் திருடன். பேங்க், கொரியர், கேஸ் எல்லாத்துக்குமே இப்படிப் போலி நம்பரை நெட்ல பரப்பி வச்சிருக்காங்க. பேங்க் நம்பர் வேணும்னா ஏடிஎம் கார்டு பின்னாடி இருக்கு, பாஸ்புக்ல இருக்கு, அங்க பாருங்க.

செக்யூரிட்டி பகுதியிலயே 'யுவர் டிவைசஸ்'னு ஒரு லிஸ்ட் வரும், உங்க மெயில் எந்தெந்தப் போன்ல, கம்ப்யூட்டர்ல திறந்திருக்குன்னு காட்டும். எங்க பெரியம்மா போன்ல அதைத் திறந்தப்ப, எப்பவோ பட்டா எடுக்கப் போன கடையோட விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒண்ணு அதுல உக்காந்திருந்துச்சு, அவங்களோட போட்டோ, கான்டாக்ட் எல்லாமே அந்தக் கடையில திறந்தா தெரியும். தெரியாத டிவைஸ் எதுவா இருந்தாலும் சைன் அவுட் குடுத்துடுங்க. இன்னொரு இடம் இருக்கு, இதை ரொம்பப் பேர் பார்க்கிறதே இல்ல. கம்ப்யூட்டர்ல ஜிமெயிலைத் திறந்து மேல இருக்கிற பல்சக்கரப் படத்தை அமுக்கி எல்லா செட்டிங்ஸையும் காட்டுன்னு சொன்னா 'ஃபார்வர்டிங்'னு ஒரு டேப் வரும், அதுக்குப் பக்கத்துல 'ஃபில்டர்ஸ்'. உங்க மெயில்ல ஒரு தடவை நுழைஞ்சவன் அங்க அவனோட அட்ரஸைப் போட்டு வச்சிட்டான்னா, நீங்க பாஸ்வேர்டை மாத்தின பிறகும் உங்களுக்கு வர்ற மெயிலோட காப்பி அவனுக்குப் போயிட்டே இருக்கும். நீங்க போடாத அட்ரஸ், நீங்க போடாத ஃபில்டர் எது இருந்தாலும் எடுத்துடுங்க.

பாஸ்வேர்டு பத்தி என் அபிப்பிராயம் கொஞ்சம் வேற. மாசா மாசம் மாத்தச் சொன்னா மனுஷங்க என்ன பண்ணுவாங்க, 123ஐ 124 ஆக்குவாங்க. அமெரிக்காவுல தர நிர்ணய அமைப்பான நிஸ்ட்டே 2017ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல, காரணம் இல்லாம இத்தனை நாளுக்கு ஒரு தடவை மாத்தணும்னு கட்டாயப்படுத்தாதீங்க, நீளமா வைக்க விடுங்கன்னுதான் சொன்னாங்க. அதனால ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத நாலஞ்சு தமிழ் வார்த்தையை இங்கிலீஷ் எழுத்துல சேர்த்து அடிங்க, கொல்லையில இருக்கிற மரம், சின்ன வயசுல போன பஸ் நம்பர், பாட்டி வீட்டு மாட்டோட பேரு, இப்படி. உங்களுக்கு மறக்காது, கம்ப்யூட்டர் வச்சுத் தட்டிப் பார்க்கிறவனுக்குக் கண்டுபிடிக்க ரொம்பக் கஷ்டம். மெயிலுக்கு வச்சதை வேற எந்த சைட்டுக்கும் வைக்காதீங்க, இது ஒண்ணுல மட்டும் கறாரா இருங்க. துணிக்கடை சைட்ல இருந்து பாஸ்வேர்டு லீக் ஆனா அதே பாஸ்வேர்டை மெயில்லயும் போட்டுப் பார்க்கிறதுதான் திருடனோட முதல் வேலை. வயசானவங்க நோட்டுல எழுதி வைக்கலாமான்னு கேக்கிறாங்க, தாராளமா வைங்க. எங்கயோ இருந்து திருடுறவன் உங்க பீரோவுல இருக்கிற நோட்டைப் படிக்க முடியாது. போன் கவர் பின்னாடி சீட்டுல எழுதி வைக்கிறதும், ஏடிஎம் பின் நம்பரைக் கான்டாக்ட்ல 'ஏடிஎம்'னு பேர் போட்டு சேவ் பண்றதும்தான் கூடாது.

கூகுளோட செக்யூரிட்டி பகுதியிலயே, பாஸ்வேர்டு போட்ட பிறகும் நீங்கதானான்னு இன்னொரு தடவை கேக்குற டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் இருக்கு, அதைக் கண்டிப்பா ஆன் பண்ணுங்க. அதுக்குள்ள பேக்கப் கோட்ஸ்னு ஒண்ணு இருக்கு, 8 இலக்கத்துல 10 கோட் தரும், ஒவ்வொண்ணும் ஒரு தடவைக்குத்தான் செல்லும். போன் தொலைஞ்சு சிம்மும் போயிட்ட நாள்ல உங்களை உள்ள விடப் போறது அந்தக் காகிதம்தான், பிரிண்ட் எடுத்து ரேஷன் கார்டு, பத்திரம் எல்லாம் வச்சிருக்கிற ஃபைல்ல சொருகி வைங்க. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போன்ல வச்சா போன் போறப்ப அதுவும் சேர்ந்து போயிடும்.

சரி, இனி நம்பருக்கு வருவோம். உங்க சிம் யார் பேர்ல இருக்கு? இதைக் கேட்டா நிறைய வீட்ல சண்டையே வருது. அம்மா யூஸ் பண்ற நம்பர் மருமகன் பேர்ல இருக்கும், ரோட்டோரம் குடை போட்டு வித்தப்ப யார் ஆதார் கையில இருந்துச்சோ அவங்க பேர்ல வாங்கினது. சிம் தொலைஞ்சா டூப்ளிகேட் சிம் வாங்க அந்த ஆள்தான் கைரேகை வைக்கணும். கணவர் பேர்ல இருந்து அவர் இறந்துட்டா, ஷோரூம்ல இறப்புச் சான்றிதழ் குடுத்து உங்க பேருக்கு மாத்திக்கலாம், தள்ளிப் போடாதீங்க, பேங்க் ஓடிபி எல்லாம் அதுலதான் வருது. உங்க பேர்ல எத்தனை நம்பர் ஓடுதுன்னு பார்க்க மத்திய அரசோட சஞ்சார் சாத்தி சைட் இருக்கு, 2023 மே மாசம் ஆரம்பிச்சது, நம்பரைப் போட்டு ஓடிபி குடுத்தா லிஸ்ட் வரும். நீங்க வாங்காத நம்பர் அதுல இருந்தா 'நாட் மை நம்பர்' குடுங்க. ஒருத்தர் பேர்ல பொதுவா 9 சிம் வரைக்கும்தான் இருக்கலாம். உங்க பேர்ல வேற எவனோ வாங்கின சிம்ல இருந்து மோசடி நடந்தா போலீஸ் முதல்ல வர்றது உங்க வீட்டுக்குத்தான். அதே சைட்லதான் தொலைஞ்ச போனை பிளாக் பண்ற வசதியும் இருக்கு, அதுக்கு ஐஎம்இஐ நம்பர், அதாவது ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்கிற அடையாள எண் வேணும், *#06# அடிச்சா வரும், இன்னைக்கே எழுதி அந்த ஃபைல்லயே வச்சிடுங்க.

ரீசார்ஜ் பண்ணாம விட்ட நம்பர் ரொம்ப ஆபத்து. 90 நாள் ஒரு கால், ஒரு மெசேஜ் இல்லாம, பேலன்ஸும் இல்லாம கிடந்தா கம்பெனி அந்த நம்பரை எடுத்துடலாம். எடுத்த நம்பரை இன்னொரு 90 நாளுக்கு யாருக்கும் தர மாட்டாங்க, அப்புறம் புது ஆளுக்குக் குடுத்துடுவாங்க. இதைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023ல உச்ச நீதிமன்றத்துலயே சொல்லியிருக்கு. அதுக்கப்புறம் உங்க மெயிலோட ரெக்கவரி கோட், பேங்க் மெசேஜ் எல்லாம் முன்பின் தெரியாத ஒருத்தர் போனுக்குப் போகும். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போறவங்ககிட்ட இது அடிக்கடி நடக்குது, துபாய், சிங்கப்பூர்னு போயிட்டு ஊர் சிம்மை மேஜைக்குள்ள போட்டுட்டு மறந்துடுவாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு வந்தா நம்பர் இல்ல. குறைஞ்சபட்ச ரீசார்ஜ் போட்டு வீட்ல ஒரு பழைய கீபேட் போன்ல அந்த சிம்மைப் போட்டு வைக்கச் சொல்லுங்க. நம்பரை விடறதுன்னே முடிவு பண்ணிட்டா முதல்ல மெயில், பேங்க், ஆதார், பிஎஃப், வாட்ஸ்அப் எல்லாத்துலயும் மாத்திட்டு அப்புறமா விடுங்க.

ஆதார்ல எந்த நம்பர் இருக்குன்னு தெரியலன்னா மைஆதார் சைட்லயே செக் பண்ற இடம் இருக்கு, இல்லன்னா 1947க்குக் கூப்பிட்டுக் கேளுங்க. நம்பர் மாத்த ஆதார் மையத்துக்கு நேர்ல போனா வேற டாக்குமெண்ட் எதுவும் வேணாம், கைரேகை வச்சாப் போதும்.

சிம்முக்கே ஒரு பின் போடலாம்னு ரொம்பப் பேருக்குத் தெரியாது. போன் திருடு போனா ஸ்கிரீன் லாக் இருக்கேன்னு தைரியமா இருக்கோம், ஆனா திருடன் சிம்மைக் கழட்டி அவன் போன்ல போட்டா ஓடிபி எல்லாம் அங்க வரும், லாக் என்ன பண்ணும்? செட்டிங்ஸ்ல செக்யூரிட்டிக்குள்ள சிம் லாக்னு தேடுங்க. முதல்ல சிம் கம்பெனி ஏற்கனவே போட்டு வச்ச பின் கேக்கும், அது தெரியலன்னா கஸ்டமர் கேர்ல கேட்டுட்டுப் போடுங்க, குருட்டாம்போக்குல அடிச்சுப் பார்க்காதீங்க. மூணு தடவை தப்பா அடிச்சா பியுகேன்னு சிம்மைத் திறக்கிற இன்னொரு கோட் கேக்கும், அதையும் பத்து தடவை தப்பா அடிச்சா சிம்மே செத்துடும்.

திடீர்னு சிக்னல் போயிட்டு வரவே இல்லன்னா, பக்கத்துல இருக்கிறவங்களுக்கு அதே கம்பெனி சிக்னல் இருந்துச்சுன்னா, காத்திருக்காதீங்க. யாராவது உங்க பேர்ல டூப்ளிகேட் சிம்மோ இ-சிம்மோ எடுத்திருக்கலாம். உடனே வேற போன்ல இருந்து கம்பெனிக்கும் பேங்குக்கும் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்க. சிம் மாத்தின முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்தி வைக்கணும்னு தொலைத்தொடர்புத் துறை உத்தரவு இருக்கு, அந்த ஒரு நாள்தான் நமக்குக் கிடைக்கிற அவகாசம்.

வாட்ஸ்அப்ல அக்கவுண்ட்டுக்குள்ள டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் இருக்கு, 6 இலக்க பின் போட்டு ஒரு மெயிலையும் குடுத்துடுங்க. இது இல்லாதப்ப, "தப்பா உங்க நம்பருக்கு ஒரு கோட் வந்துடுச்சு, அனுப்புங்க அண்ணா"ன்னு தெரிஞ்சவங்க நம்பர்ல இருந்தே மெசேஜ் வரும், அனுப்பினா அடுத்த நிமிஷம் உங்க வாட்ஸ்அப் அவன்கிட்ட, அதுல இருந்து உங்க அத்தைக்கும் மாமாவுக்கும் "அவசரமா பத்தாயிரம் வேணும்"னு போகும். லிங்க்டு டிவைசஸையும் அப்பப்ப பாருங்க, ஜெராக்ஸ் கடையில க்யூஆர் ஸ்கேன் பண்ணி பிரிண்ட் எடுத்துட்டு அப்படியே விட்டுட்டு வந்தது அங்க தெரியும். கொரியர் ஆபீஸ்ல இருந்து பேசுறேன், ஒரு ஸ்டாரும் சில எண்ணும் சேர்த்து ஒரு நம்பரை அடிங்கன்னு சொன்னா அது கால் ஃபார்வர்டிங். உங்களுக்கு வர்ற கால் அவனுக்குப் போகும், போன்ல குரல் வழியா வர்ற ஓடிபியும் அவனுக்கே. இது அவ்வளவு பெருகிப் போய்தான் கோட் அடிச்சு ஃபார்வர்ட் பண்ற வசதியையே 2024 ஏப்ரல் 15ல இருந்து நிறுத்தச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டுச்சு. ஆனாலும் உங்க போன்ல கால் செட்டிங்ஸ்ல ஏதாவது நம்பர் ஃபார்வர்ட் ஆகியிருக்கான்னு ஒரு தடவை பார்த்துடுங்க.

கல்யாணப் பத்திரிகைன்னு வாட்ஸ்அப்ல ஒரு ஃபைல் வரும், பேரோட கடைசியில ஏபிகேன்னு இருக்கும். பத்திரிகை படமா வரும், பிடிஎஃப்பா வரும், ஏபிகேயா வராது. ஏபிகேன்னா அது ஒரு ஆப். இன்ஸ்டால் பண்ணினதும் எஸ்எம்எஸ் படிக்க பர்மிஷன் கேக்கும், குடுத்துட்டா அதுக்கப்புறம் ஓடிபியை யார்கிட்டயும் நீங்க சொல்ல வேண்டிய அவசியமே இல்ல, அதுவே எடுத்து அனுப்பிடும். டிராஃபிக் ஃபைன் சலான்னும் இதே மாதிரி வருது. தொட்டு இன்ஸ்டால் பண்ணிட்டீங்கன்னா மொதல்ல டேட்டாவையும் வைஃபையையும் ஆஃப் பண்ணுங்க, வேற போன்ல இருந்து பேங்குக்குக் கூப்பிடுங்க, அப்புறமா ஆப்பை அழிக்கிறதைப் பார்க்கலாம்.

ப்ரௌசிங் சென்டருக்குப் போகவே கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன், அவங்க இல்லன்னா நம்ம ஊர்ல பாதி அப்ளிகேஷன் போகாது. அங்க போறப்ப கண்ட்ரோல், ஷிஃப்ட், என் மூணையும் சேர்த்து அமுக்கினா குரோம்ல இன்காக்னிட்டோ விண்டோ வரும், அதுல லாகின் பண்ணச் சொல்லுங்க, மூடினதும் லாகின் போயிடும். டவுன்லோட் பண்ண ஆதார் மட்டும் அந்த கம்ப்யூட்டர்லயே கிடக்கும், பிரிண்ட் எடுத்ததும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து அந்த ஃபைலை ஷிஃப்ட் அமுக்கிக்கிட்டே டெலீட் பண்ணச் சொல்லுங்க, வெறும் டெலீட் குடுத்தா ரீசைக்கிள் பின்லதான் இருக்கும். இ-ஆதார் பிடிஎஃப்புக்கு பாஸ்வேர்டு இருக்கேன்னு நம்பாதீங்க, அது உங்க பேரோட முதல் நாலு எழுத்தும் பிறந்த வருஷமும்தான், எல்லாருக்கும் தெரியும். கடைசி 4 எண் மட்டும் தெரியுற மாஸ்க்டு ஆதார் போதும்னா அதையே குடுங்க. "தம்பி, ரெக்கவரி நம்பர் என்னோடதைப் போடுங்க, ஓடிபி நானே சொல்றேன்"னு சொல்றதுக்குக் கூச்சப்படவே வேணாம், நல்ல கடைக்காரர் யாரும் கோவிச்சுக்க மாட்டார்.

இவ்வளவும் பண்ணியும் காசு போயிடுச்சுன்னா அழுதுட்டு உக்காராம 1930க்கு அடிங்க. பணம் அடுத்தடுத்த அக்கவுண்ட்டுக்குத் தாவுறதுக்குள்ள பிடிச்சு நிறுத்துறதுக்குன்னே இருக்கிற நம்பர் அது, சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் சைட்லயும் புகார் குடுக்கலாம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கையோட பேங்குக்கும் சொல்லி, புகார் நம்பர் வாங்கி எழுதி வைங்க. ரிசர்வ் பேங்கோட 2017 சுற்றறிக்கைப்படி, உங்க தப்பும் இல்லாம பேங்க் தப்பும் இல்லாம வேற எங்கயோ ஓட்டை விழுந்து போன பணம்னா, தகவல் வந்த மூணு வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா நஷ்டம் உங்களுது இல்ல. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தா, பேங்க்ல சொல்ற வரைக்கும் போனது உங்க தலையில, சொன்னதுக்கப்புறம் போறது பேங்க் தலையில. அதனால தப்பு நம்ம மேலன்னு வெக்கப்பட்டு மறைக்கிற ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம்தான். வீட்ல பெரியவங்க இப்படி ஏமாந்துட்டா திட்டாதீங்க, திட்டுவாங்களோன்னு பயந்துதான் நிறைய பேர் மறுநாள் வரைக்கும் வாயைத் திறக்காம இருக்காங்க.

கடைசியா ரெண்டு விஷயம். ஜிமெயில், போட்டோஸ், டிரைவ் எல்லாத்துக்கும் சேர்த்து 15 ஜிபிதான் இலவசம், 2021 ஜூன்ல இருந்து கூகுள் போட்டோஸ்ல பேக்கப் ஆன போட்டோவும் அதுல கணக்கு. அது நிரம்பிட்டா புது மெயில் உள்ளயே வராது, வேலைக்கு வந்த கால் லெட்டரா இருந்தாலும் சரி. சிவப்புல எச்சரிக்கை காட்டினா பழைய குட்மார்னிங் வீடியோவை எல்லாம் அழிங்க. இன்னொண்ணு, ரெண்டு வருஷம் தொடாம கிடக்கிற கூகுள் அக்கவுண்ட்டை 2023 டிசம்பர்ல இருந்து அழிக்க ஆரம்பிச்சிட்டாங்க, அதனால ஊர்ல இருக்கிற அப்பா அம்மா மெயிலை அப்பப்பத் திறந்து பாருங்க. அதே கூகுள் அக்கவுண்ட்டுக்குள்ள இனாக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்னு ஒண்ணு இருக்கு, இத்தனை மாசம் நான் உள்ள வரலன்னா என் போட்டோ, மெயில் எல்லாம் இவங்களுக்குப் போகட்டும்னு முன்கூட்டியே எழுதி வைக்கலாம். குறைஞ்சது மூணு மாசம், கூடினது பதினெட்டு மாசம் வரைக்கும் வைக்கலாம், பத்து பேர் வரைக்கும் சேர்க்கலாம். நான் என் தங்கச்சி பேரைப் போட்டு வச்சிருக்கேன், அவகிட்டயும் சொல்லிட்டேன்.